ஜவ்வு கிழிந்த முட்டி: மடக்குவதற்கு முன் நிமிர்த்துங்கள்

டர்ஃபில் ஃபுட்பால், தெருமுனையில் ஷட்டில் என்று வார இறுதியில் ஆடுகிறவர்களுக்கு ஏசிஎல் ஜவ்வு (முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைப்பது) பெரும்பாலும் யாரும் மோதாமலே அறுகிறது. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பும். உள்ளே 'டப்' என்று கேட்கும். சிறிது நேரத்தில் எழுந்து நடக்கவும் முடிவதால் சுளுக்கு என்றே தோன்றும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி உருண்டு வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது. சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்.

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எலும்பு முறியவில்லை என்ற தைரியத்தில் எண்ணெய் போட்டு நீவினால் வீக்கம் கூடும். ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைத்தல் போதும். வீங்கிய முட்டியைக் கையால் சோதிப்பது கடினம்; வீக்கம் வடிந்ததும் டாக்டரிடம் மறுபடி காட்டி, எம்ஆர்ஐ எடுங்கள். முட்டி பாதி மடங்கியபடியே பூட்டிக்கொண்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. முட்டி எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்து நடுவில் சிக்கியிருக்கலாம்.

ஏசிஎல் மட்டும் அறுந்திருந்தால் ஆபரேஷனுக்கு அவசரமில்லை. முட்டி முழுதாக நிமிர்ந்து, 120 டிகிரியாவது மடங்கிய பிறகு செய்வதே நல்லது. விறைத்த முட்டியில் செய்தால் பிறகும் விறைப்பு தங்கிவிடும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் அன்போடு செய்யும் தவறு, முட்டிக்கடியில் தலையணை வைப்பது. இதமாக இருக்கும், ஆனால் முட்டி லேசாக மடங்கியே பழகி, உள்ளே தழும்புத் திசு வளர்ந்து நிமிர்வதைத் தடுக்கும். ஐந்து டிகிரி குறைந்தாலே நடையில் நொண்டல் வரும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் தானாகத் தாழட்டும்: 10 நிமிடம், நாளுக்கு நாலைந்து முறை. கூடவே, முட்டியைக் கட்டிலில் அழுத்தித் தொடையை இறுக்கி 5 நொடி பிடியுங்கள், பத்து முறை. முதல் நாட்களில் தொடை அசையாதது பலவீனத்தால் அல்ல. வீக்கம் அந்தத் தசையை இயங்கவிடாமல் வைத்திருக்கிறது. நிமிர்த்திய காலைத் தூக்கும்போது முட்டி தொய்ந்தால், முட்டியைத் தாங்க மாட்டிய பிரேஸைக் கழற்றாதீர்கள். கெண்டைக்கால் வலித்து வீங்கினால் அன்றே டாக்டரிடம் போங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம். மெனிஸ்கஸிலும் தையல் போட்டிருந்தால் எவ்வளவு மடக்கலாம், எப்போது கால் ஊன்றலாம் என்பதெல்லாம் மாறும்; இந்தியன் டாய்லெட்டையும் தரையில் சம்மணமிடுவதையும் சொல்லியே கேளுங்கள்.

ஆறாவது வாரம் முதல் மூன்றாம் மாதம் வரைதான் எனக்குப் பெரிய பயம். வலி போயிருக்கும், மாடிப்படி ஏற வரும். ஆனால் அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகத் தொடைப் பின்தசையிலிருந்து எடுத்து வைத்த தசைநாண் ரத்த ஓட்டம் இழந்து, புதிதாக உருமாறும் காலம் அது. அப்போதுதான் அது மிகவும் நலிந்திருக்கும். நகரத் தொடங்கிய பஸ்ஸில் தாவி ஏறுவதற்கு அது தாங்காது.

மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகட்டும். அப்போதும் காலண்டரை மட்டும் நம்பாதீர்கள்: ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் தொடை பலமும் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது இருக்கிறதா என்று பிசியோவிடம் அளந்து பாருங்கள்.