தலைத்துணியும் நாலு குண்டூசியும்

2019 மார்ச் 22, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில், பணியாளர் அறை மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தலைத்துணிகள் இருந்தன. பூப்போட்டவை, கட்டம் போட்டவை, யாரோ தன் பாட்டியின் அலமாரியிலிருந்து எடுத்துவந்த ஒரு பட்டு. ஒரு வாரத்துக்கு முன்னால்தான் இதே ஊரில் அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனவர்களை ஒருவன் சுட்டுக் கொன்றிருந்தான். மொத்தம் 51 உயிர்கள். ஹிஜாப் போட்டு வெளியே போகப் பயமாக இருக்கிறது என்று ஒரு முஸ்லிம் பெண் சொன்னதைக் கேட்டு, தாயா ஆஷ்மன் என்ற ஆக்லாந்து மருத்துவர், அந்த வெள்ளிக்கிழமை எல்லாப் பெண்களும் தலைத்துணி அணியலாமே என்று கேட்டிருந்தார். நாடு முழுக்க அந்தப் பேச்சுதான். எங்கள் இல்லத்திலும் சமையல்காரம்மா முதல் மேலாளர் வரை ஆளுக்கொன்று எடுத்துக் கட்டிக்கொண்டார்கள்.

பெட்டி என் பக்கம் வந்தது. நான் எடுக்கவில்லை.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. அந்த அறையில் தலைத்துணியை மடித்து, ஊசி குத்தி, எட்டு மணி நேரம் நழுவாமல் நிறுத்தத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆறு வருடம் தினமும் அதைப் போட்டவள் நான்.

2009இல் சவூதிக்கு நர்ஸ் வேலைக்குப் போனேன். கஸீம் பகுதியில் ஒரு சின்ன ஊர், அரசு மருத்துவமனை. விமான நிலையத்தில் இறங்கியதும் உடல் முழுக்க மறைக்கும் கறுப்பு அபாயா அங்கியைக் கொடுத்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். வார்டுக்குள்ளும் தர்ஹா என்ற வெள்ளைத் தலைத்துணி கட்டாயம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ரியாத்தின் பெரிய மருத்துவமனைகளில் வேலை பார்த்த தோழிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சட்டம்.

முதல் வாரம் என் துணி நழுவி நழுவிக் கழுத்துக்கு வந்துவிடும். ஒரு மூத்த பிலிப்பினோ நர்ஸ்தான் கற்றுக்கொடுத்தார். எல்லோரும் அவரை 'ஆத்தே' என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் மொழியில் அக்கா. நாலு குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வார். முதலில் முடியை இறுக்கி உள்தொப்பி. துணியின் ஒரு பக்கம் நீளம், மறு பக்கம் குட்டை. தாடைக்கடியில் முதல் ஊசி. நுனி வெளியே பார்க்கக் கூடாது, நோயாளியைத் தூக்கும்போது குத்திவிடும். காதுக்கு மேலே இரண்டு. நாலாவது தோளில், ஸ்டெதாஸ்கோப் தொங்காத பக்கம். ஸ்டெதாஸ்கோப்பைத் துணிக்கு அடியில் விட்டுக் காதில் மாட்டுவதற்கு மட்டும் எனக்கு ஒரு மாதம் ஆனது. துணிக்கு மேலேயே மாட்டினால் மூச்சுச் சத்தத்தோடு துணி உரசும் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

ஒருநாள் மாரடைப்போடு வந்த ஒருவருக்கு மார்பை அழுத்திக்கொண்டிருந்தேன். அழுத்த அழுத்தத் துணி நழுவிக் கீழே விழுந்துவிட்டது. கையை எடுக்க முடியுமா? வெறும் தலையோடு தொடர்ந்தேன். அவர் பிழைக்கவில்லை. மறுநாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. அதில் அந்த மனிதரைப் பற்றி ஒரு வரி இல்லை. என் முடியைப் பற்றி மூன்று வரி இருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கோபம் குறைந்திருக்கிறது, போகவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் தலைத்துணி என்றாலே எனக்கு வெறுப்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் அதே வார்டில்தான் அந்தப் பாட்டியும் வந்தார்.

பாலைவனக் குடும்பத்துப் பெண்மணி, எழுபது வயது இருக்கும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சு விட முடியாமல் கொண்டுவந்தார்கள். கண் மட்டும் தெரிகிற கறுப்புத் துணி முகத்தில். அழுத்தத்தோடு ஆக்சிஜன் தரும் மாஸ்க்கை முகத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். அதற்கு அந்தத் துணியை எடுக்க வேண்டும். அவர் விடவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருக்கிறது, விரல்கள் துணியைப் பிடித்த பிடியில் இருக்கின்றன. ஆக்சிஜன் குறைந்ததால் குழம்பிப்போயிருக்கிறார், கையைக் கட்டுங்கள் என்றார் டாக்டர்.

நான் அவருடைய கண்களைப் பார்த்தேன். அவை குழம்பியிருக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், கட்டில் தள்ளிவந்த ஆணையும் மாஸ்க் கருவியோடு நின்ற டெக்னீஷியனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு பேரையும் வெளியே அனுப்பினேன். திரையை இழுத்தேன். ஆபரேஷன் தியேட்டரில் போடும் நீலத் தொப்பி ஒன்றை எடுத்து அவர் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டு, முடி வெளியே தெரியாமல் மாட்டினேன். அப்புறம் முகத்துணியைத் தொட்டேன். விரல்கள் தாமாகவே விட்டன. மாஸ்க்கை மாட்டும் வரை என் கையைப் பிடித்திருந்தார்.

நாலு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். என்னை அருகே அழைத்து, நீ முஸ்லிமா என்று கேட்டார். இல்லை, நஸ்ரானி, அதாவது கிறிஸ்தவள் என்றேன். அப்படியானால் இது எதற்கு என்று என் தர்ஹாவின் நுனியைத் தொட்டார். எனக்குத் தெரிந்த அரை அரபியில், ஆஸ்பத்திரி உத்தரவு என்றேன். சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "பாவம், உனக்குப் புழுக்கமாக இருக்குமே" என்றார்.

அந்த ஊரில் ஆறு வருடத்தில் அதை என்னிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான். தன் துணிக்காக உயிரையே விடத் தயாராக இருந்தவர்.

முக்காடு எனக்கு அந்நியமானதல்ல. நான் கன்னியாகுமரி மாவட்டம், கத்தோலிக்கக் குடும்பம். கோயிலில் பூசை தொடங்குவதற்கு முன்னால் அம்மாவின் கை தானாக முந்தானையை இழுத்துத் தலையில் போடும். ஏன் என்று கேட்டால், பைபிளில் புனித சின்னப்பர் (பவுல்) கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார் என்பார். நான் கல்லூரிக்குப் போனதும் விட்டுவிட்டேன். அம்மா வருத்தப்பட்டார், ஆனால் மெமோ கொடுக்கவில்லை. பக்கத்து முஸ்லிம் வீட்டு உம்மாவும் தலையில் துணி போடாமல் வாசலுக்கு வரமாட்டார். எங்கள் சின்ன வயதில் ஹிஜாப் என்ற சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முக்காடு, துப்பட்டி என்பார்கள்.

2016இல் நியூசிலாந்து வந்தேன். வெளிநாட்டு நர்ஸுகளுக்கான பயிற்சியை முடித்து இந்த முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். அங்கே எனக்கு வாய்த்த தோழி ஃபிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளி முஸ்லிம் பெண். என்னை 'தீதி' என்று கூப்பிடுவாள். இந்தியில் அக்கா. இரவுப் பணிகளில் டீ குடித்துக்கொண்டே நிறையப் பேசியிருக்கிறோம். ஹிஜாப் என்ற சொல் குர்ஆனில் திரை, தடுப்பு என்ற பொருளில்தான் வருகிறது என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தலைத்துணிக்கு அங்கே உள்ள சொல் கிமார். 24ஆம் அத்தியாயம் 31ஆம் வசனத்தில், நம்பிக்கை கொண்ட பெண்கள் அதை மார்பின் மேல் போட்டுக்கொள்ளட்டும் என்று வருகிறது. முடியை மறைப்பது கடமை என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. அப்படி நினைக்காத முஸ்லிம் பெண்களும் இருக்கிறார்கள், அவளுடைய அக்காவே போடுவதில்லை. "நான் இதைப் போடுவது அல்லாஹ்வுக்கும் எனக்கும் நடுவில் உள்ள விஷயம், அக்கா போடாததும் அப்படித்தான்" என்பாள்.

அந்த வசனம் கூப்பிடுவது நம்பிக்கை கொண்ட பெண்களை. என்னை அது கூப்பிடவே இல்லை. சவூதியில் என்னைக் கூப்பிட்டது ஒரு சுற்றறிக்கை. 2016இல் அங்கே மத போலீஸின் கைது அதிகாரத்தை எடுத்தார்கள். 2018இல் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானே, கண்ணியமாக உடுத்தவேண்டும் என்பதுதான் ஷரியத், கறுப்பு அபாயா என்றோ கறுப்புத் தலைத்துணி என்றோ அது குறிப்பிடவில்லை என்றார். படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த மெமோதான்.

மார்ச் 15 அன்று மதியம் எனக்கும் அவளுக்கும் ஒரே ஷிஃப்ட். செய்தி வந்ததும் இல்லத்தின் கதவுகளைப் பூட்டி, திரைகளை இழுத்துவிட்டோம். அவள் கணவர் அன்று வேலையில் இருந்ததால் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. தெரிந்தவர்கள் போயிருந்தார்கள். போனில் ஒவ்வொரு பெயராக வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தபோது தலையில் துணி இல்லை. ஹூடியின் தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள். உள்ளே வந்து அதைத் தள்ளியபோது முதல்முறையாக அவள் முடியைப் பார்த்தேன். வகிட்டில் நரை ஓடியிருந்தது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பஸ்ஸில் பயமாக இருக்கிறது தீதி" என்று மட்டும் சொன்னாள். பாட்டியின் விரல்கள் பிடித்திருந்த அதே துணிதான் இது என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. இங்கே பயம் அதை இழுத்து எடுத்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஏன் பெட்டிக்குள் கையை விடவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு அந்தத் துணியில் மெமோவின் நெடி அடித்தது, உண்மை. அதைவிட, அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் என்னை நிறுத்தியது. அவளுக்காகத்தான் செய்கிறோம், அவளிடம் கேட்டோமா? அமெரிக்காவில் ஆஸ்ரா நொமானி, ஹாலா அரஃபா என்ற இரண்டு முஸ்லிம் பெண்கள் 2015இலேயே வாஷிங்டன் போஸ்டில் எழுதினார்கள், எங்களோடு ஒற்றுமை காட்டுவதற்காக ஹிஜாப் போடாதீர்கள் என்று. முஸ்லிம் பெண் என்றாலே தலைத்துணி என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்திவிடும் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது.

சரி, கேட்டுவிடலாம் என்று துணி அறைக்குப் போனேன். அவள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் இப்படிக் கட்டிக்கொள்வது உனக்கு எப்படி இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "விசித்திரமாகத்தான் இருக்கிறது. சிலர் தப்பாகக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் இன்று பஸ்ஸில் டிரைவர் உட்பட மூன்று பெண்கள் போட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நான் எது என்று யாருக்கும் தெரியாது" என்றாள். பிறகு பையிலிருந்து தன் சாம்பல் நிறத் துணியை எடுத்துக் காட்டினாள். "பூங்காவில் நடக்கும் ஜும்ஆவுக்கு என்னோடு வருகிறீர்களா? நீங்கள் போட வேண்டாம். சவூதிக் கதை எனக்குத் தெரியும் அல்லவா."

மேலாளர் இரண்டு பேருக்கும் மூன்று மணி நேரம் விடுப்புக் கொடுத்தார். வெளியே போகும் வழியில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த 88 வயதுப் பாட்டி ஒருவர் தலைத்துணிகளைப் பார்த்துவிட்டு, கோயிலுக்கும், நார்வெஸ்டர் என்ற இந்த ஊர் வடமேற்குக் காற்றுக்கும் நாங்களும் இப்படித்தான் தாடைக்கடியில் முடிச்சுப் போடுவோம் என்றார்.

அல் நூர் பள்ளிவாசலுக்கு எதிரே ஹேக்லி பூங்காவில் சுமார் 20,000 பேர் கூடியிருந்தார்கள். பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் கறுப்புத் துணி அணிந்து வந்திருந்தார். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நாடு முழுவதும் ஒலிபரப்பானது. அதைத் தொடர்ந்து இரண்டு நிமிட மௌனம். பாங்குக்கு முன்னால் அவள் ஹூடியைக் கழற்றிவிட்டுத் துணியைத் தலையில் போட்டாள். கை நடுங்கியது, ஊசி புல்லில் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். மற்ற மூன்றையும் வாங்கி உதட்டில் கவ்விக்கொண்டேன். ஒரு பக்கம் நீளம், மறு பக்கம் குட்டை. தாடைக்கடியில் முதல் ஊசி, நுனி உள்ளே. காதுக்கு மேலே இரண்டு. நாலாவது தோளில். என் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நான் குத்திய முதல் நாலு ஊசிகள் அவை.

அதற்குப் பிறகு நிறைய நடந்துவிட்டது. 2020இல் நியூசிலாந்து போலீஸ் ஹிஜாபைச் சீருடையில் சேர்த்தது. முதலில் அணிந்தவர் ஃபிஜியில் பிறந்த ஜீனா அலி. என் தோழி அந்தப் படத்தை எனக்கு மூன்று முறை அனுப்பினாள். 2021இல் இந்தோனேசியாவின் படாங்கில் ஒரு கிறிஸ்தவ மாணவியைத் தலைத்துணி போடச் சொன்னது அரசுத் தொழிற்பள்ளி. கட்டாயப்படுத்தக் கூடாது என்று மூன்று அமைச்சர்கள் உத்தரவிட்டார்கள். சில மாதங்களில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவையே ரத்து செய்தது. 2022இல், அதே மார்ச் 15ஆம் தேதி, வகுப்பறையில் ஹிஜாபுக்கு விதித்த தடை செல்லும் என்று கர்நாடக உயர்நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் ஈரானில், ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று பிடித்துக்கொண்டு போன மாசா அமினி, காவலில் விழுந்து, மருத்துவமனையில் இறந்தார். போடு என்பவர்களையும் கழற்று என்பவர்களையும் பார்க்கும்போது எனக்கு ஒரே கையெழுத்தில் எழுதிய மெமோக்கள் போலத்தான் தெரிகிறது.

முஸ்லிம் அல்லாதவர்கள் போடலாமா என்று இங்கே புதிதாக வரும் நர்ஸ் பெண்கள் என்னிடம் கேட்பதுண்டு. முஸ்லிம்கள் தங்கள் வீட்டுக்கோ பள்ளிவாசலுக்கோ கூப்பிட்டால் தாராளமாகப் போடு, நம் கோயிலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி என்பேன். வேலைக்கு நிபந்தனையாகக் கேட்டால், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னால் பார். யாருக்காவது ஆதரவாகப் போடத் தோன்றினால், முதலில் அவளிடம் போய்க் கேள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு வருடம் கழித்து என் தோழி என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனாள். வாசலில் வருபவர்களுக்காக ஒரு கூடையில் தலைத்துணிகள் வைத்திருந்தார்கள். இந்த முறை என் கை தயங்கவில்லை. அவள் ஊசிகளை நீட்டினாள். நான் வாங்கவில்லை. அம்மா முந்தானையைப் போடுவது போல, சும்மா தலைமேல் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.