1922ஐ எகிப்தின் சுதந்திர ஆண்டு என்று எழுதாதீர்கள்: ஹிஸ்டரி ஆப்ஷனல் அனுபவம்

போன வாரம் சிவில் சர்வீஸ் தேர்வு ரிசல்ட் வந்தது. எனக்கு இது நான்காவது முயற்சி. லிஸ்ட்டில் பெயரைப் பார்த்த பிறகு இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பொதுவான அறிவுரைகள் எங்கும் கிடைக்கும். நான் சொல்ல வருவது என் விருப்பப் பாடமான ஹிஸ்டரியின் இரண்டாம் பேப்பரில் வரும் உலக வரலாறு, அதிலும் எகிப்து மட்டும்.

மூன்று முயற்சிகளில் நான் மனப்பாடமாக வைத்திருந்த பதில் இது: 1882இல் பிரிட்டன் பிடித்தது, 1914இல் புரொடெக்டரேட் (தன் கட்டுப்பாட்டில் உள்ள காப்பு நாடு) ஆக்கியது, 1922இல் சுதந்திரம் கொடுத்தது. டெஸ்ட் சீரிஸில் திருத்தியவர் 1922ஐ வட்டமிட்டு, “அப்படியென்றால் 1942இல் அரண்மனையைச் சுற்றி பிரிட்டிஷ் டாங்கிகள் ஏன்?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. 1942 பிப்ரவரி 4 அன்று பிரிட்டிஷ் தூதர் லாம்ப்சன் அப்தீன் அரண்மனைக்குப் படையோடு போய், வஃப்த் கட்சித் தலைவர் நஹாஸைப் பிரதமராக்கும்படி மன்னர் ஃபாரூக்கைப் பணிய வைத்தார். சுதந்திர நாட்டில் இது எப்படி நடக்கும்?

பதில் 1922 பிப்ரவரி 28 அறிவிப்பிலேயே இருக்கிறது. அது இரு நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் அல்ல, பிரிட்டன் தன்னிச்சையாக வெளியிட்டது. 1919 புரட்சிக்குப் பிறகு புரொடெக்டரேட்டை அப்படியே தொடர முடியவில்லை. முழுச் சுதந்திரம் கேட்ட ஸக்லூலின் வஃப்த் இயக்கமோ அரைகுறைத் தீர்வுக்கு இணங்கவில்லை. அதனால் ‘சுதந்திர நாடு’ என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டு நான்கு விஷயங்களை மட்டும் பிரிட்டன் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அந்த நான்கும் எப்போது, எப்படிக் கைமாறின என்று எழுதினால் அதுவே முழுப் பதில். என் நோட்ஸில் இப்போது இருப்பது இவ்வளவுதான்:

- பேரரசின் போக்குவரத்துப் பாதை, அதாவது சூயஸ்: 1936 ஒப்பந்தத்தில் படை கால்வாய்ப் பகுதிக்குள் சுருங்கியது, அமைதிக் காலத்தில் 10,000 வீரர்கள். 1954இல் வெளியேற்ற உடன்பாடு.
- நாட்டின் பாதுகாப்பு: மேலே உள்ளதுதான். 1936இல் கூட்டணி என்று பெயர் மாறியது, படை போகவில்லை.
- வெளிநாட்டவர், சிறுபான்மையினர்: 1937 மோந்த்ரோ மாநாட்டில் வெளிநாட்டவரின் சட்டச் சலுகைகள் ரத்து. கலப்பு நீதிமன்றங்கள் மட்டும் 1949 வரை.
- சூடான்: 1953 உடன்பாடு, 1956 ஜனவரி 1 சுதந்திரம். சூடானைத் தன்னோடு இணைக்க எகிப்து கேட்டது கிடைக்கவில்லை, சூடான் தன் வழியே போனது.

1882 முதல் 1914 வரையிலான காலத்தையும் அவசரமாகத் தாண்டாதீர்கள். காகிதத்தில் எகிப்து உஸ்மானியர்களுடையது, ஆட்சியில் இருந்தவர் கெதீவ், அதாவது உஸ்மானிய சுல்தானுக்குக் கீழ்ப்பட்ட எகிப்திய ஆட்சியாளர். உண்மையில் ஆண்ட பிரிட்டிஷ் அதிகாரி குரோமரின் பதவிப் பெயர் வெறும் தூதரகப் பதவியான கான்சல் ஜெனரல்தான். உஸ்மானியர்கள் ஜெர்மனி பக்கம் போருக்குப் போன பிறகுதான் ‘புரொடெக்டரேட்’ என்ற சொல்லையே பிரிட்டன் வெளியே சொல்ல வேண்டி வந்தது.

ஒப்பிடச் சொன்னால் பிரான்ஸின் புரொடெக்டரேட்டாக இருந்த துனீசியாவை எடுங்கள். 1881 பார்தோ ஒப்பந்தத்தில் ‘புரொடெக்டரேட்’ என்ற சொல்லே கிடையாது. 1883 லா மார்சா உடன்படிக்கையில்தான் வருகிறது. 1955இல் உள்நாட்டுத் தன்னாட்சி, 1956 மார்ச் 20இல் சுதந்திரம், ஆனால் பிஸெர்த் கடற்படைத் தளத்தை பிரான்ஸ் விட்டது 1963இல். பக்கத்து அல்ஜீரியாவை இதோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள், நான் ஒருமுறை எழுதினேன். அது பிரான்ஸின் மாவட்டங்களாகவே ஆளப்பட்டது, கதையே வேறு.

நான் மெதுவாக எழுதுபவன், அதனால் முன்னுரையை முழுக்க விட்டுவிட்டேன். முதல் வரியே 1922, இரண்டாம் வரியில் அந்த நான்கு. வேகமாக எழுதுபவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். வீடியோ வகுப்புகளில் எனக்கு எதுவும் நிற்கவில்லை, கையால் எழுதியதுதான் நின்றது. இரண்டாம் பேப்பரில் போன முறை 104, இந்த முறை 131.

கடைசியாக ஒன்று. 1956 ஜூனில் கடைசி பிரிட்டிஷ் படை கால்வாய்ப் பகுதியை விட்டுப் போனது, ஜூலை 26இல் எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பெரும்பாலான நோட்ஸில் இவை இரண்டும் வேறு வேறு தலைப்பில் கிடக்கும். நீங்கள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.