ஒற்றியூர் நீங்கலாக

வலது கண்ணில் விழித்திரை ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்தபோது அம்மா "அழுக்கு மெய்கொடு" பதிகத்தைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் செய்த சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய சுந்தரர், பார்வை போய்ப் பாடியது. "அவருக்குத் திருப்பிக் கொடுத்தவன் எனக்குக் கொடுக்க மாட்டானா? கொடுத்தா, கார்த்திகைப் பௌர்ணமிக்குப் போய் இந்தக் கண்ணாலயே அவனைப் பார்க்கணும்" என்றாள். வேண்டிக்கொண்டது அவள், கூட்டிப்போக வேண்டியது நான்.

ஒற்றியூர் அவள் பிறந்த ஊர். மூன்று வருஷம் முன்னால் டாக்ஸியில் போய், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் நின்று அர்த்தஜாமத்தைத் தவறவிட்ட அனுபவம் இருந்ததால் இந்த முறை மெட்ரோ. விமான நிலையத்தில் ஏறினோம். "அடுத்த நிலையம், திருவொற்றியூர் தேரடி" என்று அறிவிப்பு வந்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு. "பாரிஸ் கார்னர் போறதுக்கே எங்கப்பா மெட்ராஸுக்குப் போயிட்டு வரேன்னுதான் சொல்லுவார். இப்ப மெட்ராஸே வந்து எங்க தேரடியில நிக்குது."

மெட்ராஸ் இந்த ஊரைப் பிடிக்க ஆரம்பித்தது இன்று நேற்றில்லை. 1708இல் நவாப் தாவூத் கான் கம்பெனிக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காட்டோடு இதுவும் ஒன்று. அதற்கப்புறம் தனி நகராட்சியாக இருந்து, 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்து, இன்று அதன் முதல் மண்டலம். ஆனால் கோட்டை கட்டுவதற்குப் பல நூறு வருஷம் முன்பே அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிவிட்டுப் போன ஊர் இது. அப்படிப் பார்த்தால் மெட்ராஸ்தான் நேற்று வந்த பிள்ளை.

சன்னதித் தெருவுக்குள் நுழையும்போதே ஒருவன் ஒட்டிக்கொண்டான். "வயசானவங்களை ஸ்பெஷல்ல விடறேன், ரெண்டு பேருக்கும் ஆயிரம்." வேண்டாம் என்றால் எழுநூறு, ஐநூறு என்று இறங்கிக்கொண்டே வந்தான். ஒரு முழம் பூ எண்பது ரூபாய். செருப்பு விடும் இடத்தில் சில்லறைக்கு ஒரு சண்டை. சாமி பெயரைச் சொல்லி இத்தனை பேர் பிழைக்கிறார்கள், பிழைத்துப் போகட்டும்.

வரிசை மூன்று மணி நேரம் நகர்ந்தது. அம்மா உட்காரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ராஜேந்திர சோழன் காலத்தில் ரவி என்ற தச்சன் கருங்கல்லில் எடுத்த தூங்கானை மாடக் கோயில் இது. கல்வெட்டைக் கையால் தடவிக்கொண்டே நகர்ந்தோம். 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டபோது கூட உயிர்விட முடியாமல் போனதே என்று நொந்த கேரளத்துத் தோழர், சதுரானன பண்டிதராகி ஒற்றியூர் மடத்தில்தான் வந்து அமர்ந்தார். எங்கெங்கிருந்தோ மனம் உடைந்தவர்கள் வந்து சேர்ந்த கடற்கரை. பட்டினத்தாரும் இங்கேதான் அடங்கியிருக்கிறார்.

அம்மாவுக்கு மிகவும் பிடித்த கதை எழுத்தறிநாதர் கதைதான். ஊர் ஊருக்கு வரியைப் போட்டு அரசன் அனுப்பிய ஓலையில், வரிக்கு நடுவே "ஒற்றியூர் நீங்கலாக" என்று சுவாமியே எழுதிச் சேர்த்தாராம். "மாநகராட்சி சொத்து வரி நோட்டீஸ்ல ஏன் எழுதலையாம்?" என்று கேட்டேன். "நீ நம்ம வீட்டை வித்துட்ட இல்ல, அப்புறம் என்ன?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

புனுகு வாசனை வந்ததும் பேச்சு நின்றது. வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கிற ஆதிபுரீஸ்வரர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் திறந்த திருமேனி. முன்னால் தள்ளு, பின்னால் தள்ளு. நான் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் கும்பிடவில்லை. இடது கையை எடுத்து இடது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்து எழுத்துப் படிக்கிற மாதிரி. ஆபரேஷன் ஆன கண்ணால் மட்டும் பார்க்கிறாள்.

"நகருங்கம்மா, நகருங்க" என்று ஒரு குரல். அவள் நகரவில்லை. "கறுப்பா... ஈரமா... புத்து மாதிரியே இருக்கான்டி" என்றாள். பக்கத்தில் நின்ற முகம் தெரியாத அம்மாள் ஒருத்தி சடாரென்று கையை நீட்டிப் பின்னால் வந்த கூட்டத்தைத் தடுத்துக்கொண்டாள். நாலைந்து விநாடி இருக்கும். அதற்குள் எனக்குக் கண் மறைத்துவிட்டது. நான் சரியாகத் தரிசனம் பண்ணவே இல்லை. பரவாயில்லை. அப்பனே, அவள் பார்த்தாளே, அது போதும் எனக்கு. அந்த அம்மாள் யாரோ, நன்றி சொல்லத் திரும்பினால் ஆளைக் காணோம். வடிவுடையம்மன் சன்னதியில் குங்குமம் வாங்கும்போது அந்த முகத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

தியாகராஜரைச் சேவித்துவிட்டு மகிழ மரத்தடியில் கொஞ்சம் நின்றோம். "அடுத்த வருஷமும் கூட்டிட்டு வரேம்மா" என்றேன்.

பட்டென்று என் வாயைப் பொத்தினாள். "இங்க நின்னு சொல்லாத. சுந்தரர் பட்டது போதாதா? வெளிய வந்து சொல்லு."

தேரடி மெட்ரோ படியில் ஏறும்போது சொன்னேன்.