கம்பி ஜன்னல் வகுப்பறையும் ஆயுதத்தோடு வரும் ஆளும்

கல்லூரிக்குள் ஆயுதத்தோடு ஒருவர் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்று தேடினால் கிடைப்பதெல்லாம் அமெரிக்க வீடியோக்கள்தான். ஓடு, முடியாவிட்டால் ஒளி, அதுவும் முடியாவிட்டால் எதிர்த்து நில். 2012-இல் ஹூஸ்டன் மாநகராட்சி எடுத்த படத்திலிருந்து பரவிய வரிசை இது. வரிசையில் தவறில்லை. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரிக் கட்டடங்களில் அதை அப்படியே செய்ய முடியாது. நம் ஜன்னலில் இரும்புக் கம்பி இருக்கும். இரண்டாவது படிக்கட்டின் கீழே இழுப்புக் கதவைச் சாத்திப் பூட்டியிருப்பார்கள். வகுப்பறைக் கதவிலோ உள்தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருக்கும், வெளிக்கொண்டிதான் உறுதியாக இருக்கும்.

2000 முதல் 2013 வரை அமெரிக்காவில் ஆள் கூடும் இடங்களில் புகுந்து சுட்ட 160 சம்பவங்களை அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரிந்தவை 63. அவற்றில் 44 ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருக்கும் கல்லூரிக்கு அந்த ஐந்து நிமிடத்தில் போலீஸ் வந்துவிடும் என்று நம்ப முடியாது. அந்த நேரத்தில் உங்களைக் காப்பது கதவும் படிக்கட்டும்தான்.

நம் பக்கம் அதிகம் எதிர்பார்க்க வேண்டியது துப்பாக்கியை அல்ல; அரிவாள், கத்தி, உருட்டுக்கட்டை. 2020 ஜனவரி 5 அன்று டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகத்தில் முகமூடிக் கும்பல் தடியும் இரும்புக் கம்பியுமாகத்தான் புகுந்தது. இவற்றின் பலமெல்லாம் கைக்கெட்டும் தூரம் வரைக்கும்தான். அதனால் விலகிப் போவதே முதல் வேலை. பையை எடுக்க வேண்டாம், தோழி வரட்டும் என்று நிற்க வேண்டாம். எல்லாவற்றையும் விட ஆபத்து, வேடிக்கை பார்க்கவும் செல்போனில் படம் பிடிக்கவும் கூடுவது. ஒருவரைத் தேடி வந்தவர் முன்னால் நூறு பேர் வட்டம் கட்டி நின்றால், துரத்தப்படுபவருக்கு ஓட வழி இருக்காது.

ஓடும்போது சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அதற்கு எதிர்ப்படிக்கட்டில் இறங்குங்கள். கேட்டைத் தாண்டியவர்கள் அதே வேகத்தில் என்.எச்.44 நெடுஞ்சாலையில் போய் விழக்கூடாது, லாரி நிற்காது. மதில் ஓரமாகவே தள்ளிப் போங்கள். துப்பாக்கி என்றால் மறைவதும் தப்பிப்பதும் ஒன்றல்ல. மரக்கதவு, பீரோ, பெஞ்ச் எல்லாம் உங்களை மறைக்கும், குண்டைத் தடுக்காது. கான்கிரீட் தூணும், நம் ஊரில் தாராளமாக இருக்கும் கருங்கல் சுவரும் தடுக்கும்.

ஓட முடியாதவர்களுக்குக் கதவுதான் எல்லாம். முதலில் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். உள்பக்கம் திறந்தால் பெஞ்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ச்சுவர் வரை முட்டுக் கொடுங்கள். நடுவில் இடைவெளி விட்டால் இரண்டு உதையில் எல்லாம் நகர்ந்துவிடும். வெளிப்பக்கம் திறந்தால் பெஞ்ச் அடுக்கிப் பயனில்லை. கைப்பிடியில் துப்பட்டாவையோ பெல்ட்டையோ கட்டிப் பக்கத்து ஜன்னல் கம்பியில் இறுக்குங்கள். பின்கதவை மறந்துவிடாதீர்கள். விளக்கை அணையுங்கள். கதவுக்கு நேரே யாரும் இருக்கக்கூடாது. கதவு இருக்கும் அதே சுவரை ஒட்டி, கதவிலிருந்து தள்ளி உட்காருங்கள். செல்போனில் வைப்ரேஷனையும் நிறுத்துங்கள். மரப்பெஞ்சில் அது நன்றாகவே கேட்கும்.

2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைச் சுட்டுக் கொன்றவன், நாரிஸ் ஹால் என்ற வகுப்புக் கட்டடத்தின் வாசல் கதவுகளை முதலிலேயே சங்கிலியால் பிணைத்திருந்தான். அங்கே 205-ஆம் அறை மாணவர்கள் மேசையைக் கதவோடு தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். கதவு வழியே சுட்டும் அவனால் உள்ளே நுழைய முடியவில்லை. கதவு வழியே குண்டு பாயலாம் என்பதால், நின்றுகொண்டு தோளால் தாங்குவதைவிடப் படுத்துக் காலால் தாங்குவது மேல்.

ஒரே விதிவிலக்கு தீ. 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரி இலக்கியம்பட்டியில் பெட்ரோல் ஊற்றி எரிக்கப்பட்ட பேருந்தில் மூன்று மாணவிகள் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. பெட்ரோல் வாசனையோ புகையோ வந்தால் ஒளிந்திருக்காதீர்கள், கூட்டமாக வெளியேறுங்கள்.

எதிர்ப்பது கடைசி. ஆயுதத்தோடு வந்தவர் உள்ளே நுழைந்தே விட்டார் என்றால் நாலைந்து பேர் ஒரே நேரத்தில். நாற்காலியின் கால்கள் அவரை நோக்கி இருக்கட்டும். தீயணைப்புக் கருவியை அவர் முகத்தில் பீய்ச்சுங்கள். உயிரைக் காக்கத் தேவையான அளவுக்குத் திருப்பித் தாக்கும் உரிமையை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தருகின்றன. அவர் விழுந்து ஆயுதம் கைவிட்டுப் போனபின் அடிப்பதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அவசர உதவி எண் 112-ஐ அழைத்தால் முதல் வாக்கியத்திலேயே இடத்தைச் சொல்லுங்கள்: கல்லூரி, ஊர், மாவட்டம், எந்த பிளாக், எந்த மாடி. பிறகு எத்தனை பேர், என்ன ஆயுதம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் செல்போன் கர்நாடகக் கோபுரத்தைப் பிடிக்கும் என்பதால் தமிழ்நாடு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்லூரி மணியை மட்டும் அடிக்காதீர்கள். மணி கேட்டால் எல்லோரும் தாழ்வாரத்துக்குத்தான் வருவார்கள். மைக்கில் பச்சையாகச் சொல்ல வேண்டும்: “பி பிளாக் முதல் மாடியில் அரிவாளோடு ஒருவர், மற்றவர்கள் கதவைச் சாத்துங்கள்.” சங்கேதச் சொல் புதிதாகச் சேர்ந்த மாணவருக்குப் புரியாது.

போலீஸ் உள்ளே வரும்போது கையில் எதுவும் வேண்டாம், செல்போன்கூட. விரல்களை விரித்துக் காட்டுங்கள். அழுது அவர்கள் மேல் போய் விழாதீர்கள்.

வெட்டுக்காயத்தில் ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து இரு கையாலும் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள். கை கால் என்றால், அப்படியும் நிற்காதபோது காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டைத் தவிர்த்து, குறைந்தது 4 செ.மீ. அகலத் துணியைக் கட்டி, முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். ஷூ கயிறு சதையை அறுக்கும், ரத்தத்தை நிறுத்தாது. கட்டிய நேரத்தை நெற்றியில் எழுதுங்கள். குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்காதீர்கள்.

கல்லூரி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது பெரிய செலவில்லை. உள்தாழ்ப்பாளில் இருக்கும் அரை அங்குல ஸ்குரூவை எடுத்துவிட்டு ஒன்றரை அங்குல ஸ்குரூ போடச் சொல்லுங்கள். வகுப்பு நேரத்தில் எந்த இழுப்புக் கதவும் பூட்டியிருக்கக்கூடாது. திறந்த பூட்டைக் கொண்டியில் தொங்கவிட்டால், யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து உங்களை அடைத்துவிடலாம்; அந்தப் பூட்டு ஆசிரியர் மேசைக்கு வர வேண்டும். அரூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் பதறி ஓடிவரும் பெற்றோர் வாசலை அடைத்தால் 108 வண்டி உள்ளே போக முடியாது. அவர்கள் கூட வேண்டிய இடத்தைக் கல்லூரிக்கு வெளியே இப்போதே குறித்து, சேர்க்கையின்போதே சொல்லிவிட வேண்டும்.