அம்மாவின் போர்டிங் பாஸ்

2015-ல் என் பிரசவத்துக்கு அமெரிக்கா வந்த அம்மா, எந்தத் தேதி வரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 பதிவில் போட்டிருந்த தேதி தாண்டி எட்டு மாதம் தங்கிவிட்டார். விசாதான் பத்து வருடத்துக்கு இருக்கிறதே என்று அசட்டுத்தனமாக இருந்துவிட்டோம். 180 நாளைத் தாண்டியதால், கிளம்பிய நாளிலிருந்து மூன்று வருடம் திரும்ப அமெரிக்காவுக்குள் வரத் தடை. ஒரு வருடம் ஆகியிருந்தால் பத்து. அதற்கு விலக்கு கேட்கவும் பிள்ளையின் குடியுரிமை உதவாதாம். கணவரோ பெற்றோரோதான் கணக்கு. என்ன நியாயமோ!

சரி, தடைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் போன வருடம் சிட்டிசன் ஆனேன். நேற்று அம்மாவின் கிரீன் கார்டுக்கான முதல் மனு, ஐ-130, அனுப்பியாச்சு. கிளம்பிய தேதிக்குச் சாட்சி, சாமி படத்துக்குப் பின்னால் அம்மா சொருகி வைத்திருந்த போர்டிங் பாஸ். ஓரமெல்லாம் விபூதி.

"இன்டர்வியூல கேட்டா மறைக்காம சொல்லிடட்டுமாடி?"

"சொல்லிடும்மா."