கிளிப்டோடான் மாடல்: ஓடு முடிந்தது, வால் பாக்கி

ஒருவழியாக ஓடு முடிந்தது. அளவு 1:20. அசல் கிளிப்டோடான், அதாவது ஓடு போர்த்திய, அழிந்துபோன தென் அமெரிக்கப் பாலூட்டி, ஏறக்குறைய 3 மீட்டர் நீளம், என் மேஜையில் 15 செ.மீ. தெர்மோகோலைச் சீவி உருவம் எடுத்து, மேலே எபாக்சி களிமண்ணை மெல்லிசாகப் போர்த்தியிருக்கிறேன்.

நேரமெல்லாம் ஓட்டின் வேலைப்பாட்டுக்கே போனது. 1,000-க்கும் அதிகமான எலும்புத் தட்டுகள் விளிம்போடு விளிம்பு பொருந்திய கவசம் அது. ஒவ்வொரு தட்டிலும் நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பூவிதழ் மாதிரி சின்னப் பலகோணங்கள். தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் பின்முனையைத் தண்ணீரில் தொட்டு அழுத்தினால் வட்டம் ஒட்டாமல் விழுகிறது. சுற்றுக் கோடுகளுக்கு ஊசி. களிமண் இறுகிவிடும் என்பதால் இரண்டு விரல் அகலம் பூசி, அதை முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

கூடவே ஹோல்மசினா என்ற பாம்பதீரும் (இதுவும் அழிந்துபோன கவச விலங்கு வகைதான்) செய்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. பாம்பதீரின் ஓட்டு நடுவில், இன்றும் வாழும் கவசப் பாலூட்டியான அர்மடில்லோவுக்கு இருப்பதுபோல, அசையும் பட்டைகள் மூன்று உண்டு. கிளிப்டோடானின் முதுகிலோ அப்படி எதுவும் இல்லை. உள்ளே முதுகெலும்புகள்கூட ஒன்றோடொன்று இணைந்து குழாயாகிவிட்டன. அதனால் கிளிப்டோடான் வகை விலங்குகள் அர்மடில்லோக்களிலிருந்து தனித்த குடும்பம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2016-இல் கிளிப்டோடானின் உறவான டோடிக்யூரஸின் ஓட்டிலிருந்து எடுத்த டி.என்.ஏ. அதை மாற்றிவிட்டது: இவை அர்மடில்லோ கிளைகளுக்கு உள்ளேயே அடங்குகின்றன, சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அடித்தட்டு அமெரிக்கக் கண்டங்களின் வரைபடம். முதல் குண்டூசி பட்டகோனியாவின் சாண்டா குரூஸ் பாறைகளில். அங்கே கிடைத்த மயோசீன் கால (கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய) உறவினர்கள் உருவத்தில் மிகச் சிறியவை. அடுத்தது அர்ஜென்டினாவின் புன்டா ஆல்டா. 1832-இல் டார்வின் கவசத் துண்டுகளைக் கண்டெடுத்த இடம். அப்புறம் பனாமா. அந்த நிலப்பாலம் உருவானதும் கூட்டம் வடக்கே ஏறியது. ஆனால் வட அமெரிக்காவுக்குப் போனது கிளிப்டோடான் இல்லை, அதன் நெருங்கிய உறவான கிளிப்டோதீரியம்: மெக்சிகோ, அரிசோனா, டெக்சாஸ், புளோரிடா. ஹோல்மசினாவும் புளோரிடா வரை வந்திருக்கிறது. எனவே குண்டூசிகளுக்கு மூன்று நிறம் கொடுத்தேன்.

சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே இவையெல்லாம் அழிந்துவிட்டன. ஒன்பது பட்டை அர்மடில்லோ 19-ஆம் நூற்றாண்டில் டெக்சாஸில் நுழைந்து இன்றும் வடக்கே பரவிக்கொண்டிருக்கிறது, அதற்குப் புள்ளிக்கோடு.

மீதி வால். கிளிப்டோடானுக்கு எலும்பு வளையங்கள் போதும், செப்புக் கம்பியில் கோத்துவிடலாம். அடுத்துச் செய்யப்போகும் டோடிக்யூரஸுக்கு வால் நுனியில் கதாயுதம் உண்டு. அதிலுள்ள குழிகளில் கொம்புப் பொருளாலான முட்கள் இருந்திருக்கலாம் என்கிறார்கள். நான் குட்டையான முட்களே வைக்கப்போகிறேன்.