ஆய்வுகூட வேலியில் படர்ந்த கொடித்தோடை

எழுபதுகளில் நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஆய்வுகூடத்துக்குப் பின்னாலிருந்த முள்ளுக்கம்பி வேலி மறந்திருக்காது. அந்தப் பக்கம் தேயிலை மலை, இந்தப் பக்கம் நாங்கள். இரண்டுக்கும் நடுவே கம்பியே தெரியாமல் மூடிக் கிடந்தது கொடித்தோடை, அதுதான் பேஷன் புரூட். யாரும் நட்டதில்லை. தென்பிரேசில் பக்கத்துக் கொடி. ஊதாப் பழ வகை நம் குளிருக்கு ஒத்துப்போய்க் காடாக மண்டிவிட்டது.

என் அம்மாவுக்கு அது களை. தேயிலை வாதில் சுற்றி ஏறினால் கொழுந்து மூடிப்போகும் என்று மலையில் கண்ட இடத்தில் பிடுங்கி எறிவார். பள்ளிக்கூட வேலியில் இருந்ததை மட்டும் தொடமாட்டார். பிள்ளைகள் தின்னட்டுமே என்பார்.

எங்கள் விஞ்ஞான டீச்சர் அந்தப் பூவுக்காகவே பாடத்தைக் காலை முதல் வேளைக்கு மாற்றிக்கொண்டார். ஊதா வகையின் பூ விடியலில் விரிந்து மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும். ஆளுக்கொரு பூவைக் கையில் தந்து, "வாயால் சொல்லாதே, எண்ணிப் பார்த்துச் சொல்லு" என்பார். வெளியே பத்து இதழ். உள்ளே நுனி வெள்ளையும் அடி ஊதாவுமாக நூல் நூலாய் ஒரு வளையம். நடுவில் நிமிர்ந்த காம்பின்மேல் மகரந்தத் தூள் தரும் ஐந்து கேசரம், அதற்கும் மேலே அந்தத் தூளை ஏற்கும் மூன்று குறி. கருவண்டு தேன் குடிக்க நுழையும்போது அதன் முதுகு கேசரத்தில் உரசி மஞ்சள் தூள் அப்பிக்கொள்ளும். மகரந்தச் சேர்க்கையை நான் கண்ணால் கண்டு படித்தேன். தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விஞ்ஞானப் பாடம் எந்த நகரத்துப் பள்ளியிலும் கிடைத்திருக்காது.

பழம் பறிக்கத் தேவையில்லை, பழுத்தால் தானே விழும். தோல் சுருங்கியதுதான் இனிப்பு. பல்லால் மேலே கடித்துத் திறந்து, உப்பும் கொச்சிக்காய்த் தூளும் போட்டு, விதையோடு உறிஞ்சுவோம். காலையில் ரொட்டியும் பிளேன்டீயும் மட்டும் குடித்துவிட்டு வந்த வயிற்றுக்கு அது பெரிய சாப்பாடு.

அந்த வகுப்பில் பலர், மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் செய்த 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேறிப் போனார்கள். தமிழ்நாட்டு நீலகிரியின் கோத்தகிரியிலும் தேயிலை ஓரத்தில் இதே கொடி இருப்பதாக ஒருத்தி எழுதியிருந்தாள்.

இப்போது கல்லூரியின் பின்பக்கம் மதில் கட்டப் பழைய மாணவர் சங்கம் நிதி சேர்க்கிறது. என் பங்கை அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள்: மதிலோரம் ஒரு பந்தலுக்கு இடம் விடுங்கள். விதை போட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் காய்க்கும். கம்பிக்கும் கம்பத்துக்குமான செலவை நான் தனியாகத் தருகிறேன்.